ஒன்பது பூச்சியம்

ராஜலிங்கத்தின் கையெழுத்து அழகாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவரை, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பெப்ரவரியில் மத்திய மலைநாட்டு மென்பொருள் ஒருங்கமைப்புப் பணியகத்துக்கு இடம் மாற்றினார்கள். தனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார். பணிப்பாளர் விவேகானந்தன் அதைக் கேட்டு மகிழ்ந்து போனார்.

"நல்லது. இஞ்ச கணினி தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் குறை விடுகினம். அதைப் பதியிறதுக்கு ஒண்டும் தெரியாத ஒரு ஆள்தான் வேணும். அப்பதான் நடுநிலைமை இருக்கும்."

பணியகம் கண்டிக் குளத்துக்கு மேலே ஏறும் வீதியில், ஒரு பழைய தேயிலைப் பண்டகசாலையில் இருந்தது. அங்கே மூன்று திட்டங்கள் நடந்தன. முதலாவது, மாகாண வைத்தியசாலைகளின் நோயாளர் பதிவு. இரண்டாவது, இரத்தம்: யாருக்கு என்ன இரத்த வகை என்று ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் பட்டியல் அனுப்புவது. வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் இரத்தத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. மூன்றாவது, பாதுகாப்பு. முதல் இரண்டு திட்டங்களிலும் இருப்பவர்களில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று பார்ப்பது அதன் வேலை.

மூன்று திட்டங்களுக்கும் அடிப்படை ஒரே புரோகிராம்தான். ஆனால் அது மூன்று மேசை லாச்சிகளில் மூன்று விதமாக வளர்ந்திருந்தது. அதைப் பதிந்த பிளொப்பித் தட்டுகளின் முதுகில் 'புதியது', 'மிகப் புதியது', 'இறுதி', 'இறுதிக்குப் பிந்தியது' என்றெல்லாம் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் 'இதைத் தொட வேண்டாம்' என்று இருந்தது. எல்லாரும் பாவித்தது அதைத்தான்.

இந்தக் குழப்பத்தைப் பணிப்பாளர் ஒரே நாளில் தீர்த்தார். மூன்று பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலுமாரி வாங்கி, பிளொப்பிகளையெல்லாம் அதற்குள் வைத்தார். ஒரு பூட்டின் திறப்பு அவரிடம் இருந்தது; இரத்தத் திட்டத்துக்கு அவர்தான் தலைவர். இன்னொன்று பதிவுத் திட்டத்தின் தலைவி மிஸிஸ் அபேகோனிடம். மூன்றாவது பாதுகாப்புத் திட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற கப்டன் குணசேகரவிடம். ஒரு வரியைத் திருத்துவதென்றாலும் மூன்று பேரும் ஒன்றாக வந்து, ஒரு படிவத்தில் ஒப்பமிட்டு, அலுமாரியைத் திறக்க வேண்டும். ராஜலிங்கம் வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் அது இரண்டு தடவை திறக்கப்பட்டது. ஒரு தடவை உள்ளே கறையான் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

அலுமாரி திறக்க வேண்டுமானால் முதலில் குறைக்கு இலக்கம் வேண்டும். இலக்கம் கொடுப்பது ராஜலிங்கம். புரோகிராமில் யாராவது பிழை கண்டால், அவர் அதை நீல நிறப் பதிவேட்டில் எழுதி, எந்தத் திட்டத்தின் பிழை என்று கூட்டத்தில் முடிவானதும் அந்தத் திட்டத்தின் பெயரைக் கட்டத்தில் நிரப்ப வேண்டும். கணினிப் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பதால் கந்தோரில் எல்லாரும் அதை 'பக் புத்தகம்' என்றார்கள். ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'குறை' என்ற சொல் ஊழியரின் மனதைத் தளர்த்துவதால் இனிமேல் 'முன்னேற்ற வாய்ப்பு' என்றே எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. ராஜலிங்கம் ஐம்பத்திரண்டு இடங்களில் ஒரு சொல்லை வெட்டி இன்னொரு சொல்லை எழுதினார். அழகாகத்தான் எழுதினார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. பெரிய வைத்தியசாலையிலிருந்து பத்மாதேவி என்ற தாதி பேசினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"பக் புத்தகம் எழுதுற தம்பி நீங்களோ? என்ர வாட்டில காளிமுத்து எண்டு ஒரு ஐயா. அறுபத்தொரு வயசு. உங்கட பட்டியலில அவர் இருபத்திநாலு வயசுப் பெண், ஏபி பொசிட்டிவ் எண்டு கிடக்கு."

"பேரு மாறி இருக்கும் மிஸ்."

"பேர் மட்டுமில்லைத் தம்பி. போன கிழமை இதே இலக்கத்தில பொன்னையா எண்டொருத்தர், ஓ வகை. அதுக்கு முதல் கிழமை மூண்டு வயசுப் பிள்ளை, பி. ஒரே ஆள் கிழமைக்குக் கிழமை மாறுறார். திருப்பிச் சோதிக்கக் குடுத்தா ஆய்வுகூடத்தில எடுக்கினமில்லை. கணினியில ஏறின வகையைத் திரும்பச் சோதிச்சு மருந்தை வீணாக்க வேண்டாம் எண்டு உங்கட பணிப்பாளர்தானே சுற்றறிக்கை விட்டவர்? நான் வெளியில ஒரு ஆளைப் பிடிச்சுச் சோதிச்சன். ஒவ்வொரு நாளும் அப்பிடிச் செய்யேலாது."

புரோகிராம்களை எழுதியவர் நவரட்ணராஜா. நாற்பது வயது. ஊர் பருத்தித்துறை, கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தேவையில்லாமல் யாரோடும் கதைக்க மாட்டார். ராஜலிங்கம் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே போனார்.

"இந்த ஆக்களுக்கெல்லாம் அடையாள அட்டை இல்லை," என்றார்.

"அதனால?"

"அட்டை இலக்கம் இல்லாட்டிப் புரோகிராம் அங்கால போகாது. அதால, இல்லாத ஆக்களுக்கு ஒன்பது பூச்சியம் போடச் சொல்லி ஆரோ ஒரு வரி சேர்த்திருக்கினம். ஆனா ஒரே இலக்கம் எண்டா புரோகிராமுக்கு ஒரே ஆள்தான். பிறகு வாற ஆள் முந்தி வந்த ஆளைப் பட்டியலில அழிச்சுப்போட்டு அந்த இடத்தில இருப்பார்."

"அப்ப அட்டை இல்லாதவங்க எல்லாரும்..."

"ஓம். ஒரே ஆள்."

 ராஜலிங்கத்தின் மனைவி சிவமணிக்கும் அடையாள அட்டை இல்லை. ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. தோட்டத்துப் பதிவில் வேறோர் எழுத்துப் பிழை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாததால் விண்ணப்பம் ஆறு வருடத்தில் நான்கு முறை திரும்பி வந்திருந்தது. இப்போது ஏழு மாதக் கர்ப்பம். உடம்பில் இரத்தம் குறைவு, பிரசவத்தில் ஏற்ற வேண்டி வரலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வகை ஓ பொசிட்டிவ் என்று சோதித்து, அதைக் கணினியிலும் ஏற்றிவிட்டார்கள்.

"திருத்த எவ்வளவு நேரமாகும் சேர்?"

"பத்து நிமிசம். இலக்கத்துக்குப் பதிலா வைத்தியசாலைத் துண்டில இருக்கிற எண்ணை எடுக்கச் சொன்னாச் சரி. பெரிய வைத்தியசாலைக் கணினியிலயே மாகாணத்துப் பழைய பதிவு எல்லாம் கிடக்கு, திரும்பப் பிரிஞ்சு வந்திடும்." நவரட்ணராஜா பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா அலுமாரி திறக்கோணுமே."

ராஜலிங்கம் அதை நூற்றுப் பதினேழாவது வாய்ப்பாகப் பதிந்தார்.

கூட்டம் மூன்று வாரம் கழித்து நடந்தது. பணிப்பாளர் தலைமை தாங்கினார். ராஜலிங்கம் எழுந்து நின்று விஷயத்தை வாசித்தார்.

மிஸிஸ் அபேகோன் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கள் திட்டத்தில் அட்டை இல்லாதவர்களின் கட்டத்தை வெறுமையாகத்தான் விடுகிறோம். வெறுமை எங்களுடையது. பூச்சியம் எங்களுடையது இல்லை."

"இரத்தத் திட்டம் தாறதை வாங்குது. அவ்வளவுதான்," என்றார் பணிப்பாளர். "பூச்சியம் வந்தாப் பூச்சியத்தை வாங்கும். அதில எங்கட பிழை என்ன இருக்கு?"

கப்டன் குணசேகர சிங்களத்தில் சொன்னார்: "நாங்கள் வாசிப்பவர்கள். எழுதுபவர்கள் இல்லை."

"அப்ப இது ஒருத்தற்றையும் இல்லை," என்றார் பணிப்பாளர். "உரித்தாளர் இல்லாட்டி அது வாய்ப்பு இல்லை, ராஜலிங்கம். அது வெறும் அபிப்பிராயம். பதிவேட்டில அபிப்பிராயம் எழுத இடமில்லை."

"சேர், ஆளுக்கு வேற ரத்தம் ஏத்திட்டா செத்துப் போயிருவாங்க சேர்."

பணிப்பாளர் பேனாவை மேசையில் வைத்தார். அவர் கோபப்படவில்லை. பரிவோடுதான் பேசினார்.

"நீர் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர். நான் மாகாணத்தைப் பார்க்கிறன். போன வருசம் அடையாள அட்டை இல்லாத நோயாளர் எத்தினை பேர் தெரியுமோ? நாலாயிரத்துக்கு மேல. அமைச்சு எங்களைக் கேள்வி கேட்டது. ஒருங்கமைப்பு வந்தாப் பிறகு எத்தினை பேர்? ஒருத்தர். ஒரே ஒருத்தர்! நான் அதைக் கொழும்புக்கு எழுதி, பாராட்டுக் கடிதமும் வந்திட்டுது. ஒக்டோபரில அமைச்சரே நேரில வாறார். இப்ப நீர் அந்த ஒருத்தரைப் பிரிச்சு நாலாயிரம் பேர் ஆக்கச் சொல்லுறீர். மனிசரைக் குறைக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உமக்குத் தெரியாது."

கூட்டம் முடிந்தது. எல்லாரும் எழுந்த பிறகும் கப்டன் மட்டும் உட்கார்ந்திருந்தார். ராஜலிங்கம் கொண்டுவந்த பட்டியலை அவர் ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது எதற்கென்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. பாதுகாப்புத் திட்டத்திலிருந்து மாகாணத்தின் எல்லா வைத்தியசாலைப் பொலிஸ் காவலறைகளுக்கும் ஓர் அறிவித்தல் போனது. அதன் பிரதி ஒன்று ராஜலிங்கத்தின் மேசைக்கும் வந்தது.

'கவனத்துக்குரிய நபர். இலக்கம்: ஒன்பது பூச்சியம். பெயர்: பல. பால்: இரண்டும். வயது: மூன்று முதல் எண்பத்தெட்டு வரை. இரத்த வகை: தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார். சென்ற மாதம் ஒன்பதாம் திகதி ஒரே காலையில் நாவலப்பிட்டி, கம்பளை, மாத்தளை ஆகிய மூன்று இடங்களில் அனுமதிக்கப்பட்டுள்ளார். நன்கு பயிற்றப்பட்டவர். அடுத்த முறை அனுமதிக்கப்படும்போது தடுத்து வைத்து உடனடியாக அறிவிக்கவும்.'

ராஜலிங்கம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கப்டனின் அறைக்குப் போனார். சிங்களத்தில் தனக்குத் தெரிந்த அளவில் விளக்கினார். இது ஓர் ஆள் இல்லை, நாலாயிரம் பேர், தோட்டத்து ஜனங்கள், கணினியின் பிழை என்றார்.

கப்டன் பொறுமையாகக் கேட்டார். "இது பிழை என்று பதிவேட்டில் இருக்கிறதா?"

"இல்லை சேர். கூட்டத்தில் நீக்கிவிட்டார்கள்."

"அப்படியானால் பிழை இல்லை. பிழை இல்லையென்றால் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் இருந்தேன். இவ்வளவு திறமையான ஆளைக் கண்டதில்லை. கொழும்புக்கு அறிவித்துவிட்டேன். அவர்களுக்கும் ஆச்சரியம். உனக்கு ஏன் இந்த ஆள்மீது இவ்வளவு அக்கறை?"

ராஜலிங்கம் வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினார். வீட்டில் சிவமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, அவளைப் பஸ்ஸில் எங்கும் போகவிடவில்லை. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அட்டை வந்துவிடும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தார்.

அட்டை வரவில்லை. ஒக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை சிவமணிக்கு வலி எடுத்தது. திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போதே வந்த வலி. அவளைப் பெரிய வைத்தியசாலையில் சேர்த்து, இப்போது பிரசவ வாட்டுக்கு மாறியிருந்த பத்மாதேவியிடம் சொல்லிவிட்டு ராஜலிங்கம் கந்தோருக்கு வந்தார். மறுநாள் அமைச்சர் வருவதால் எல்லாருடைய லீவும் இரத்து. பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, பத்மாதேவி. நான் சொல்லுறதைப் பதறாமல் கேளுங்கோ. பிள்ளை குறுக்கால கிடக்கு. இரத்தம் போகுது. டொக்டர் ரெண்டு மணிக்குள்ள ஒபரேசன் செய்யோணும் எண்டுறார். இரத்தம் கட்டாயம் வேணும். பட்டியலில உங்கட மனிசி ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிளை, பி பொசிட்டிவ்."

"அவளுக்கு ஓ, மிஸ்! கிளினிக்லதான் பாத்தாங்க! நான் சொல்றேன்!"

"நீங்கள் சொல்லுறதுக்கு இரத்த வங்கி தராது. நான் சொன்னாலும் தராது. வெளியில சோதிக்கவும் இண்டைக்கு வழியில்லை, சோதிக்கிற மருந்தின்ர கடைசிப் போத்தலையும் ஆமிக்காரர் கொண்டு போயிட்டினம். இரத்தம் கேக்கிற படிவத்தை ரெண்டு தரம் பிழையா நிரப்பித் திரும்ப வரப் பண்ணியிருக்கிறன். இன்னும் ஒருக்காப் பிழை விடலாம். அதுக்கு மேல என்னை நிப்பாட்டிப் போடுவினம்." குரல் இன்னும் தணிந்தது. "கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு பொலிஸ்காரர் வந்து இருக்கிறார். கையில ஒரு அறிவித்தல். ஒபரேசன் முடிஞ்ச உடன கொண்டுபோகச் சொல்லி இருக்காம்."

ராஜலிங்கம் நவரட்ணராஜாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தொலைபேசியில் கேட்டதையெல்லாம் சொன்னார்.

நவரட்ணராஜா சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஒவ்வொரு திங்கக்கிழமையும் பொலிஸில போய்க் கையெழுத்து வைக்கிற ஆள். அறையில ஒரு சாமான் மாத்தி வைச்சாலும் வீட்டுக்காரி அறிவிக்கோணும். பாதுகாப்புத் திட்டத்திலயும் ஓடுற புரோகிராமில, யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் அனுமதியில்லாமல் கை வைச்சான் எண்டு வந்தால்... பத்து நிமிச வேலைக்குப் பத்து வருசம், ராஜலிங்கம். விசாரணையும் இல்லாமல்." கதிரையை ராஜலிங்கத்தின் பக்கம் திருப்பினார். "அதைவிட, அலுமாரி பூட்டிக் கிடக்கு. அதை உடைக்கப் போறீங்களோ?"

உடைக்கத்தான் ராஜலிங்கம் நினைத்தார். அலுமாரியின் முன்னால் போய் நின்றார். மூன்று பூட்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. பக்கத்து மேசையில் அமைச்சருக்கான அறிக்கைகள் அச்சாகி அடுக்கியிருந்தன. எல்லாவற்றின் தலைப்பிலும், புரோகிராமே அச்சிடும் வரி: 'பணிப்பாளர்: வி. விவேகானந்தன்.'

அவர் அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். பிறகு தன் மேசைக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டைத் திறந்து, நூற்றுப் பதினெட்டாவது இலக்கத்தில் எழுதினார்: 'அறிக்கைத் தலைப்பில் பணிப்பாளரின் பெயருக்கு முன்னால் கலாநிதி என்ற பட்டம் விடுபட்டுள்ளது.' பணிப்பாளருக்கு அந்த முனைவர் பட்டம் கிடைத்து நான்கு மாதமாகியிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

எழுதிவிட்டு நவரட்ணராஜாவின் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "சேர், அலுமாரிய நான் தொறக்க வைக்கிறேன். மத்தது உங்க இஷ்டம்."



பதிவேட்டைப் பார்த்த பணிப்பாளருக்கு முகம் சிவந்தது. "நாலு மாசமா? எல்லா வைத்தியசாலையிலயும் இப்பிடித்தான் அச்சாகுதோ? நாளைக்கு அமைச்சர் இதை வாசிப்பாரோ? இது பாரதூரமான குறை!"

"முன்னேற்ற வாய்ப்பு, சேர்."

"குறை, ஐசே, குறை!"

கூட்டம் நின்றபடியே நடந்தது. தலைப்பு வரி பதிவுத் திட்டத்துக்கு உரியது என்றார் மிஸிஸ் அபேகோன். இல்லை, பெயர் விஷயம் அடையாளம் சம்பந்தப்பட்டது, ஆகவே அது பாதுகாப்புத் திட்டத்துக்கு உரியது என்றார் கப்டன். தன் பெயர் தன்னுடையது என்றார் பணிப்பாளர். மூவரும் உரித்தாளர் என்று ராஜலிங்கம் கட்டத்தில் நிரப்பினார். படிவத்தில் மூன்று ஒப்பமும் விழ நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது நேரம் பதினொன்றரை.

நவரட்ணராஜா கணினியின் முன்னால் உட்கார்ந்தார். பிளொப்பி உள்ளே போய்க் கரகரவென்று சத்தம் போட்டது. பின்னால் மூன்று தலைவர்களும் நின்றார்கள். கப்டன் கதிரையின் முதுகைப் பிடித்துக் குனிந்து நின்றார். அவருடைய மூச்சு நவரட்ணராஜாவின் கழுத்தில் பட்டிருக்க வேண்டும்.

திரையில் தலைப்பு வரி வந்தது. நவரட்ணராஜா பட்டத்தைச் சேர்த்தார்.

"புள்ளி வேண்டாம். முழுச் சொல்," என்றார் பணிப்பாளர். "கொஞ்சம் தள்ளி. ஆ, அப்பிடி. போதும்."

வேலை முடிந்துவிட்டது. நவரட்ணராஜாவின் கைகள் விசைப்பலகையின் மேல் நின்றன. ராஜலிங்கம் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் ஒரு துளி வியர்வை இறங்கியது. அவர் பிளொப்பியை எடுக்கக் கையை நீட்டுவார் என்றுதான் ராஜலிங்கம் நினைத்தார். கை நீளவில்லை. திரை மேலே உருண்டது. வரிகள் ஓடி ஓரிடத்தில் நின்றன. நவரட்ணராஜா ஒன்றை அழித்தார். இன்னொன்றை அடிக்கத் தொடங்கினார்.

"அது என்ன?" கப்டனின் குரல்.

"தலைப்பு நீண்டு போச்சு, சேர்," நவரட்ணராஜா சிங்களத்தில் சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. "கீழே இடம் போதாது. ஆட்களுக்கு இடம் எடுக்க வேண்டும்."

"எவ்வளவு இடம்?"

"அதை ஏன் இப்ப கேக்கிறீங்கள்?" பணிப்பாளர் இடையில் புகுந்தார். "எவ்வளவு வேணுமோ எடும், நவம். என்ர பெயர் வெட்டுப்படக்கூடாது."

ஏழு நிமிடம். ராஜலிங்கம் சுவர் மணிக்கூட்டில் எண்ணினார். பிறகு நவரட்ணராஜா பிளொப்பியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

இனி அது எல்லா வைத்தியசாலைகளுக்கும் போக வேண்டும். வழக்கமாகத் தபாலில் இரண்டு வாரம் எடுக்கும். ஆனால் நாளைக்கு அமைச்சர் முதலில் போகவிருந்தது பெரிய வைத்தியசாலைக்கு. பழைய தலைப்போடு அங்கே ஒரு தாள்கூட இருக்கக்கூடாது என்றார் பணிப்பாளர். கப்டனின் ஜீப்பைக் கேட்டார். கப்டன் துவக்கோடு ஒரு சிப்பாயையும் சேர்த்துக் கொடுத்தார். பிளொப்பியை யார் கொண்டுபோவது? உரித்தாளர் மூவருக்கும் அமைச்சரின் வரவேற்பு வேலை இருந்தது. ராஜலிங்கம் போகட்டும் என்றார்கள்.

விளக்குகளை எரியவிட்டபடி ஜீப் பேராதனை வீதியில் பறந்தது. சோதனைச் சாவடியில் வரிசையாக நின்ற பஸ்களைத் தாண்டி எதிர்ப்பக்கமாகவே போனது. சிப்பாய்கள் சல்யூட் அடித்தார்கள். ராஜலிங்கம் மடியில் ஓர் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உறையின் மேல் 'அதிமுக்கியம்: கலாநிதி' என்று எழுதியிருந்தது.

பத்மாதேவி வாட்டின் வாசலில் நின்றார். உயரமான பெண்மணி, தொப்பி சரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் பிளொப்பியை வாங்கிக் கணினியில் போட்டார். புதிய புரோகிராம் பழைய பதிவுகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. திரையின் மூலையில் ஓர் எண் மெதுவாக ஏறியது. முந்நூறு. முந்நூற்று ஐம்பது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சிவமணி கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கட்டிலின் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பொலிஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒரு பை இரத்தம் தயாராக இருந்தது. அதில் பெரிதாக 'பி' என்று எழுதியிருந்தது.

டொக்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை, "இனிக் காத்திருக்க ஏலாது, மிஸ்," என்றார்.

"அஞ்சு நிமிசம், டொக்டர்."

"என்னத்துக்கு?"

"பணிப்பாளற்ற பட்டம் அச்சாகுது. அமைச்சர் வாறாராம்," என்றார் பத்மாதேவி. டொக்டர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு அச்சு இயந்திரம் கத்தத் தொடங்கியது. பத்மாதேவி தாளைக் கிழித்தெடுத்து விரலை ஓடவிட்டார். 'பழனியாண்டி சிவமணி. பெண். இருபத்தொன்பது. ஓ பொசிட்டிவ்.' அதை எடுத்துக்கொண்டு அவர் இரத்த வங்கிப் பக்கம் ஓடினார். ஐம்பது வயதுத் தாதி ஒருவர் அந்த நடைபாதையில் ஓடியதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது பொலிஸ்காரர் எழுந்து குறுக்கே நின்றார். அறிவித்தலைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டார். ஒன்பது பூச்சியம் எங்கேயும் இல்லை. ஒரு முறை பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"காலையில் இந்தக் கட்டிலில் இருந்த ஆள் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"போய்விட்டார்," என்றார் பத்மாதேவி. "வழியை விடுங்கள்."

இரண்டேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிவமணிக்கு இரண்டு பை இரத்தம் ஏறியது. ராஜலிங்கம் நடைபாதையில் தரையிலேயே உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

மறுநாள் அமைச்சர் அறிக்கையைப் பார்த்தார். கலாநிதி என்ற சொல் பிரமாதமாக இருந்தது. அதற்குக் கீழே அடையாள அட்டை இல்லாத நோயாளர் தொகை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு என்று இருந்தது. போன தடவை ஒன்று என்றல்லவா சொன்னீர்கள் என்று அமைச்சர் கேட்டார். பணிப்பாளர் இமைக்காமல், "எங்கட புதிய முறை எவ்வளவு நுணுக்கமாக் கண்டுபிடிக்குது, பாருங்கோ சேர்," என்றார்.

விசாரணை வெள்ளிக்கிழமை. கதவு மூடப்பட்டது. ராஜலிங்கம் குறிப்பெழுத உட்கார்ந்தார், பக்கத்தில் நவரட்ணராஜா.

"ஆர் செய்தது?" என்றார் பணிப்பாளர்.

"நான்தான் சேர் செய்யச் சொன்னேன்," என்றார் ராஜலிங்கம்.

"கை வைச்சது நான்," என்றார் நவரட்ணராஜா.

கப்டன் எழுந்தார். அனுமதியில்லாத மாற்றம், பாதுகாப்புத் திட்டம், நாசவேலை என்று சொல்லத் தொடங்கினார். மிஸிஸ் அபேகோன் கையை உயர்த்தித் தடுத்தார். தன் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அலுமாரி திறந்த படிவம். மூன்று ஒப்பமும் இருந்தன.

"நாசவேலை நடந்திருந்தால், நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம்," என்றார் அவர். "பிழை ஒன்று திருத்தப்பட்டிருந்தால், அந்தப் பிழையை நாங்கள்தான் பதிவேட்டிலிருந்து நீக்கினோம். அந்தப் பிழையைத்தான் ஓர் ஆள் என்று கப்டன் கொழும்புக்கு அறிவித்தார்."

 கப்டன் மெதுவாக உட்கார்ந்தார். பணிப்பாளர் படிவத்தில் தன் ஒப்பத்தைப் பார்த்தார்.

"எழுதும், ராஜலிங்கம்."

ராஜலிங்கம் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். பணியகத்தின் பதிவேட்டில் அது இப்படி இருந்தது: 'வாய்ப்பு இலக்கம் நூற்றுப் பதினெட்டு. பணிப்பாளரின் பெயருக்கு முன்னால் கலாநிதி என்ற பட்டம் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாக மாகாணத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து பேர் கூடினார்கள். முடிவு: திருப்திகரம்.'

யாருக்கும் தண்டனை இல்லை. நவரட்ணராஜா பொலிஸில் கையெழுத்து வைப்பது மட்டும் அடுத்த வாரத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாளானது. காரணம் சொல்லப்படவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜலிங்கம் மனைவியையும் குழந்தையையும் பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒன்பது பூச்சியத்தின் கதை முழுவதையும் வாட்டிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஜீப் இல்லை. கெட்டம்பே சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அட்டை உள்ளவர்கள் காட்டிவிட்டு ஏறினார்கள். சிவமணி குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். சிப்பாய் இளைஞன், கையில் ஒரு கொப்பி.

"ஐடென்டிட்டி?"

"இல்லை," என்று ராஜலிங்கம் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். "விண்ணப்பித்திருக்கிறோம், ஆறு வருடமாக..."

சிவமணி அவருடைய கையைத் தட்டிவிட்டு, வைத்தியசாலைத் துண்டை எடுத்து நீட்டினாள். சிப்பாய் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அதில் முத்திரை இருந்தது, ஒரு பெயர் இருந்தது, பக்கத்தில் ஓர் இலக்கம் இருந்தது. அவன் கொப்பியில் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினான். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ் நகர்ந்த பிறகுதான் சிவமணி வாய் திறந்தாள்.

"என்னாங்க எழுதுனான்?"

"ஒன்னோட நம்பர."

"சரியா எழுதுனானா? எட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கடைசில ஏழு, அத ஒன்னுன்னு போட்டுட்டான்."

சிவமணி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "அப்ப பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க," என்றாள். "அது வேற ஆளு."

ராஜலிங்கம் எழுந்து மணியை அடித்தார்.